டிரைவருக்கு மீன் கிடையாது

உங்கள் காக்கிச் சட்டையைப் போன புதன்கிழமைதான் தண்ணீரில் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஆணியிலேயே தொங்கிக்கொண்டு கிடந்தது. நனைப்பதற்கு முன் பையைத் தடவினேன். நான்காக மடித்த காகிதம் ஒன்று கைக்கு வந்தது. பிரித்தால் சோம்பு. வாசம் இன்னும் போகவில்லை. நீங்களே வந்து வாசலில் நிற்பது போல இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு டிரிப்பும் முடிந்து வரும்போது நீங்கள் கொண்டுவரும் பரிசு அதுதானே. ஹோட்டல் கல்லாவில் தட்டு நிறைய வைத்திருக்கும் சோம்பில் ஒரு பிடி. பிள்ளைகள் இரண்டும் அதை வாயில் போட்டுக்கொண்டு உங்கள் எதிரில் உட்காரும். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவீர்கள். போன ஊரில் கோயில் எப்படி இருந்தது, கடல் எப்படி இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான். ஆம்பூர் என்றால் பிரியாணி, கும்பகோணம் என்றால் காபி. நம் பிள்ளைகள் ஊர்களைப் படித்ததே உங்கள் வாயில்தான். நன்றாகத்தான் சொல்வீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கே எச்சில் ஊறும்.

கும்பகோணத்திலிருந்து வந்த அன்று நான் எஸ்டேட்டில் காலையிலிருந்து காபிப் பழம் பறித்துவிட்டு, விரலில் பிசுபிசுப்புக்கூடப் போகாமல் உங்களுக்குக் காபி கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தீர்கள்.

"காப்பி கும்பகோணத்துல இருக்குது புள்ள. நம்மூர்ல இருக்கறது செடிதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடை இருந்தது, மானாமதுரை தாண்டி. வண்டியில் ஏற்றிப் போகும் சனங்களை நீங்கள் பார்ட்டி என்பீர்கள். ராமேஸ்வரம் பார்ட்டி என்றால் போகும்போதும் வரும்போதும் அந்தக் கடையில்தான் நிறுத்துவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் மீன் ஐஸ் பெட்டியில், டிவிஎஸ் வண்டியில் மலை ஏறி நம் ஊர் வெள்ளக்கடைக்கு வரும். எஸ்டேட்டில் கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகை அரைத்து ஊற்றி நான் குழம்பு வைப்பேன். என் அம்மா அப்படித்தான் வைப்பாள். தட்டில் ஊற்றியதுமே உங்கள் முகம் சுருங்கும்.

"மீன் கொழம்புல எவளாச்சும் மொளகு போடுவாளா? மானாமதுர தாண்டி ஒரு கடை இருக்குது. அங்க ஒரு வாய் தின்னா, சேலம் வந்து சேர்ற வரைக்கும் கை மணக்கும். உன் கொழம்பத் தின்னா கையக் கழுவத்தான் தோணுது."

இருபத்தாறு வருடம் இதைக் கேட்டேன். மானாமதுரையைக் கண்ணால் பார்க்காத மகன்கூட, "அந்தக் கடை மாதிரி இல்லம்மா" என்று தட்டைத் தள்ளப் பழகிக்கொண்டான். சொந்தத்தில் விசேஷம் என்றால் உங்கள் தங்கச்சி என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டாள். "அண்ணி, நீங்க வெங்காயம் உரிங்க" என்பாள். கொஞ்ச நாளில் மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்ல ஆரம்பித்தேன், எனக்குச் சமையல் வராது என்று.

நீங்கள் ஸ்டாண்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபடியே சாய்ந்த அன்று, நான் கட்டிக்கொடுத்த சோற்றுத் தூக்குப் போசி திறக்காமலே வீட்டுக்கு வந்தது. உங்களை எடுக்கும் காரியம் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து அதை நானே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்ததா, இல்லையா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் ஏரிக்கரையில் சாப்பாட்டு விழா வைத்தார்கள். டூரிஸ்டுகள் வரும் சமயத்தில் மகளிர் குழுக்களும் கடை போடலாம் என்றார்கள். நம் குழுத் தலைவி சரோஜா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க மொளகு மீன் கொழம்பத்தான் போடறதுன்னு முடிவு பண்ணிட்டோமுங்க."

"எனக்குச் சமையல் வராது சாமி."

"ஆருங்க சொன்னாங்க?"

"எங்க ஊட்டுக்காரரு."

"அவருதான் போயிட்டாருங்களே!"

"பேச்சு போகலையே."

உங்கள் திதிக்கு ராமேஸ்வரம் போக வேண்டியிருந்தது. போய் வந்து பதில் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினேன். எதற்கென்றால், வழியில் அந்தக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னது நிஜமாக இருந்தால் வெங்காயத்தோடு நின்றுகொள்கிறேன். இல்லையென்றால் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அவ்வளவுதான் கணக்கு.

உங்களோடு ஸ்டாண்டில் இருந்த செல்வம்தான் வண்டி ஓட்டினார். மானாமதுரை தாண்டியதும் அவராகவே நிறுத்தினார். உள்ளே ஃபேன், டேபிள், கண்ணாடிக் கதவு, எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. மகன் உட்காருவதற்கு முன்பே, "மீன் கொழம்பு குடுங்க, எங்கப்பா இந்தக் கடையப் பத்தியே பேசிட்டிருப்பாரு" என்று சப்ளையரிடம் பெருமையாகச் சொன்னான். செல்வத்தை மட்டும் காணோம்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான சிமெண்டுப் பெஞ்சு. நாலைந்து டிரைவர்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வமும் இருந்தார். தட்டில் சோறும் சாம்பாரும்.

"ஏனுங்க தம்பி, இங்க வந்து உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க, மீனு சொல்லியிருக்குது."

"நமக்கு இங்கதானுங்கக்கா. டிரைவர் சாப்பாடு ஓசி. பார்ட்டியக் கூட்டியாந்தா கடைக்காரங்க குடுக்கறதுங்க."

"மீன் கொழம்பு குடுக்க மாட்டாங்களா?"

பக்கத்திலிருந்த டிரைவர் சிரித்துவிட்டார். "டிரைவருக்கு ஏதுங்கம்மா மீனு? சாம்பாரு, ரசம், மோரு. அதுவும் கடைசிப் பந்திக்குன்னா ரசந்தான்."

செல்வத்துக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாது. அவர் பாட்டுக்குச் சொன்னார். "அண்ணன் எப்பவும் இந்த மூலையிலதானுங்க உக்காருவாரு. தமாசு பண்ணுவாரு பாருங்க. 'மூக்க நல்லா தொறந்து வச்சுக்கிட்டு சாம்பார் சோத்தத் தின்னுடா, மீனு மாதிரியே இருக்கும்'ம்பாரு."

"ஒரு நாளாச்சும் உள்ள போயித் தின்னிருப்பாருங்களா?"

"இல்லீங்கக்கா. சொன்னா, 'பார்ட்டிக்குச் சரிசமமா உக்காந்து திங்கறதா'ன்னு ஒரு மாதிரி சிரிப்பாரு. பாவமுங்க அண்ணன்."

அந்த மூலையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். மேலே சமையல்கட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மீன் குழம்பு வாசம் நேராக முகத்தில் வந்து அடித்தது. இந்தக் காற்றைத்தான் நீங்கள் இருபத்தாறு வருடம் சாப்பிட்டிருக்கிறீர்கள். வாயில் வைக்காத ஒரு குழம்பைக் கொண்டுவந்து என் குழம்பின் தலையில் அடித்திருக்கிறீர்கள். கல்லாவில் சோம்பு அள்ளுவதற்கு யாரும் மீன் தின்றிருக்க வேண்டியதில்லை.

பாவம் என்று செல்வம் சொன்னார். பாவம்தான். ஒரு ஆம்பளை, குடும்பம் குடும்பமாக ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, பின்பக்கம் ஈ ஓட்டிக்கொண்டு தின்றதை வீட்டில் வந்து சொல்ல முடியாது. புரிகிறது எனக்கு. அதற்காக உங்கள் பாவத்தை என் தட்டில் கொண்டுவந்து ஏன் கொட்டினீர்கள்? எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என்னை எத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பான். அதை நான் உங்கள் தலையில் இறக்கினேனா? பின்பக்கம் உட்கார வைக்கிறார்கள் புள்ள என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு போசி மீன் குழம்பு கட்டிக் கொடுத்திருப்பேனே.

உள்ளே வந்து சாப்பிட்டேன். புளி தூக்கல். மீன் உடையாமல் இருந்தது, அது கெட்டிக்காரத்தனம். தேங்காய் அதிகம். கெட்டுப்போன குழம்பு இல்லை. ஆளை அடிக்கிற குழம்பும் இல்லை. மகன் விரலை நக்கிக்கொண்டு, "அப்பா சொன்ன மாதிரியே இருக்குதும்மா!" என்றான். பின்பக்கத்துப் பெஞ்சை அவனுக்குக் காட்டவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவன் வாயில் இருந்ததைப் பிடுங்க மனசு வரவில்லை.

ராமேஸ்வரத்தில் அவன் பிண்டம் கரைத்தபோது கூட வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "ஏனுங்க, ஒரு வாய் தின்னுபோட்டாச்சும் என்னையத் திட்டியிருக்கலாமுல்லங்க" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்டிருக்காது. உயிரோடு இருந்தபோதே கேட்காத காது.

திரும்பி வந்ததும் சரோஜாவிடம் சரி என்றேன். விழாவுக்கு இரண்டு அண்டா குழம்பு வைத்தேன். மிளகு கொஞ்சம் அதிகமாகவே அரைத்தேன். சனம் வந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண், தட்டைக் கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொண்டு, "செம டேஸ்ட் ஆன்ட்டி!" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மொதல்ல தின்னு கண்ணு, அப்பறம் சொல்லு" என்றேன். சரோஜா என் இடுப்பில் இடித்தாள்.

"ஏனுங்கக்கா, நல்லா இருக்குதுங்கறாங்க. செத்த சிரிச்சாத்தான் என்னங்க?"

எனக்குச் சிரிக்க வருவதில்லை. நீங்கள் எனக்கு விட்டுவிட்டுப் போனது இதுதான். என் கைச்சாப்பாட்டை யார் நன்றாக இருக்கிறது என்றாலும், நன்றாக இல்லை என்றாலும், நான் இப்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்க்கிறேன். தின்று போட்ட முள் கிடந்தால்தான் நம்புகிறேன்.