ஓரக்கண்ணுக்குத் தெரிந்த நட்சத்திரக் கூட்டம்

அக்கரப்பத்தனை
12.1.1961

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே குளிரைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, யாழ்ப்பாணத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தலவாக்கலை மாப்பிள்ளை வேண்டாம், ஆசிரியர் பயிற்சியை முடிக்க விடுங்கள் என்று நீ எழுதியதைப் படித்து அழுதேன். அப்பாவோ வாக்குக் கொடுத்தாயிற்று, தை பிறந்ததும் பரிசம் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் வழி வானத்திலிருந்து வந்தது, சிரிக்காதே. சீமைக்குப் போன தோட்டத்துத் துரை அப்பாவிடம் விட்டுப்போன தொலைநோக்கி இருக்கிறதே, அதில் மூன்று வருடமாக அப்பா தேடுவது ஒரே ஒரு மங்கலான நட்சத்திரக் கூட்டத்தை. அதன் படம் துரையின் புத்தகத்தில் இருக்கிறதாம், அதை அப்பா நம்மைத் தொட விடமாட்டாரே. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்த பிறகு வானம் துலக்கமாக இருந்தது. அப்பாவும் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுச் செல்லசாமி அண்ணனும் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. நானும் பார்க்கிறேன் என்றேன். "கொழுந்து பறிக்கிற கண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா புள்ள, நீ மட்டும் பாத்துட்டா கேக்குறத செய்றேன்" என்று அப்பா அந்த அண்ணனை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். விடுவேனா? நேராகப் பார்த்தேன், வெறும் இருட்டு. பிறகு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே கங்காணி வருகிறாரா என்று பார்க்கிற மாதிரி, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஓரத்தால் பார்த்தேன். இருபது வருடப் பழக்கம், கூட்டம் கண்ணில் பட்டுவிட்டது! நடுவில் நீளமாக ஒரு கோடு, இரண்டு முனையிலும் வளைவு, தேயிலைச் செடி வெட்டுகிற இரண்டு கவ்வாத்துக் கத்தியைப் பிடியோடு பிடி சேர்த்து வைத்த மாதிரி. கரித்துண்டால் சுவரில் வரைந்து காட்டினேன். அப்பா புத்தகத்தைப் பிரித்து, படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதேதான் வீரய்யா, தங்கச்சி செயிச்சிருச்சு" என்று அப்பாவிடம் சொன்னார் அண்ணன். என்ன வேண்டும், சேலையா என்று அப்பா கேட்டார். தலவாக்கலைக்கு வேண்டாம் என்று கடிதம் போடுங்கள் என்றேன். மூன்று நாள் என்னோடு பேச்சே இல்லை, கோழிக்குழம்பு வைத்தும் பேசவில்லை. இன்று காலையில் கடிதம் போட்டுவிட்டார். நீ படி மகளே, எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

போன தடவை ஹட்டன் ஸ்டேஷனில் உன் பெட்டியை ஏற்றிவிட்ட குணரத்தினம் வாத்தியாரையும் இதே ஓரக்கண்தான் பார்த்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க நீங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டையும் பார்த்தது. படிப்பு முடியட்டும், வீட்டுக்கு வரச் சொல். அதுவரை பெட்டியை மட்டும் தூக்கட்டும்.

முருகன் துணையிருப்பான், நன்றாக இரு. தலைக்கு எண்ணெய் வை. முக்கியமாக, ஓரக்கண் விஷயத்தை அப்பாவுக்கு எழுதிவிடாதே. மனிதர் இன்னும் கண்ணை உருட்டிக்கொண்டுதான் இருக்கிறார், உன் தங்கச்சி லெட்சுமிக்கும் கல்யாண வயது வருகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா அம்மாக்கண்ணு