கதவு மூடியிருந்தபோது உள்ளே வந்தது நான்தான்

என் செல்ல அப்பாவுக்கு,

அம்மாவும் அண்ணாவும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அப்பா. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

இன்று உங்கள் வருஷப் படையல். பன்விலயிலிருந்து பெரியப்பா வந்து, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார். கோழிக்கறி, சுருட்டு, ஒரு கிளாஸ் சாராயம். நீங்கள் வந்து சாப்பிடுவதற்காகக் கதவை மூடிவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். கதவைத் திறந்ததும் அந்தக் கிளாஸில் மூத்த மகன்தான் முதலில் குடிக்க வேண்டுமாம்.

அண்ணா குடிப்பதில்லை. படிக்கக் கெம்பஸ் போன புதிதிலேயே தீர்மானித்துவிட்டான். "தம்பிக்குப் பால் போத்தல் கொண்டாங்கடா" என்று பார்ட்டிகளில் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே சோடா குடிப்பேன் என்றான். பெரியப்பாவிடம் சிரித்துத் தப்ப முடியுமா? நீங்கள் போன பிறகு நமக்கென்று இருப்பது அவர் ஒருவர்தானே.

அதனால் பின்கதவால் உள்ளே போனேன். சாராயத்தைக் குசினித் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே நிறத்தில் இருந்த, பால் விடாத ஆறிப்போன பிளேன்டீயை அதே கிளாஸில் ஊற்றி வைத்தேன். நீங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? அதற்குள் குடித்துவிட்டீர்களா, இல்லை, பாதியில் பறித்துவிட்டேனா?

அண்ணாவிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பெரியப்பா கிளாஸை நீட்டிவிட்டார்.

"இல்ல பெரியப்பா. நான் குடிக்கிறதில்ல."

"கெம்பஸ் போனதும் அப்பன் எச்சி கசக்குதோ?"

"அப்பா மேல பாசம் இல்லாம இல்ல. இது மட்டும் வேணாம். அங்க கேக்குறவங்களுக்கும் இதத்தான் சொல்றேன்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா தானே ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையெல்லாம் சாராய வாடை.

"சரி, சோத்தப் போடுங்க" என்றார்.

புறப்படும்போதுதான் என் பக்கம் குனிந்தார். "சீனி போடலியே புள்ள. ஒங்கப்பனுக்குச் சீனி இல்லாம எறங்குமா?"

அண்ணாவை பஸ் வரை கூட்டிக்கொண்டு போனார். இருவரும் என்ன பேசினார்களோ. அண்ணா திரும்பி வந்து வயிறு நிறையச் சாப்பிட்டான்.

அவன் எல்லார் முன்னாலும் சொல்லக் கூடியதை நான் ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறேன். இனிமேல் நீங்கள் சாப்பிடும் நேரத்தில் உள்ளே வர மாட்டேன் அப்பா. நானும் படித்துக் கெம்பஸ் போவேன். எனக்கும் யாராவது கிளாஸை நீட்டுவார்கள். களவாக மாற்றி வைக்க மாட்டேன். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்வேன்.

உங்கள் சின்ன மகள்