ஒன்பது கதையும் முடியட்டும் என்றாய்

அடியே,

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேனில் உட்கார்ந்து போனைத் திறந்தால் உன் பெயர் வந்து நிற்கிறது. படம் பார்க்க உன் பெயரில் உன் தம்பி போட்டுக் கொடுத்த கணக்கை நான் இன்னும் அழிக்கவில்லை, அதனால் வந்த வினை. ‘விட்ட இடத்திலிருந்து பார்க்க’ என்று ஒரு வரிசை, அதில் நம்முடைய அந்த ஜப்பான் கார்ட்டூன் தொகுப்பு, மூன்றாவது கதை, பாதியில் நிற்கிறது. பக்கத்திலேயே புதிய தொகுப்பு வந்திருக்கிறது என்று ஒரு படம். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போனுக்கு அது தெரியாது. பார்ப்பது நீதானா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறது.

வேறு ஒரு நாளாக இருந்தால் அழுதுவிட்டு மூடி வைத்திருப்பேன். ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் குளிக்கும்போது என் இடது மார்பின் கீழ்ப்பக்கம் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சோப்பைக் கழுவிவிட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ செய்ததையே நானும் செய்யப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பையனுடைய ரஃப் நோட்டில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாபகம் இருக்கிறதா, அந்தத் தொகுப்பு நமக்கு எப்படிப் பழக்கமானது என்று? எளாவூரில் ஏறுவோம், கடைசி வரிசை, ஜன்னல் பக்கம் நீ. ஒரு இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றால் நம் வேன் நத்தையாக ஊரும். சிப்காட் தொழிற்பேட்டை கேட்டில் இறங்குவதற்குள் ஒரு கதை சரியாக முடிந்துவிடும். ஒன்பது கதை, ஒன்பது ஆள் எடுத்தது. உலகமெல்லாம் பல வருஷமாகக் கொண்டாடுகிற ஒரு வெள்ளைக்கார விண்வெளிப் படத்தை எடுத்துக்கொண்டு, ஜப்பான்காரர்கள் ஆளாளுக்கு அவர்கள் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார்கள் என்று உன் தம்பி சொன்னான். மூலக்கதை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“இன்னாடி இது, டியூப்லைட்ட வெச்சிக்கினு அடிச்சிக்கிறானுங்க” என்றாய் முதல் நாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன கதையில் நல்லவர்களாக இருந்த கூட்டம் இந்தக் கதையில் கெட்டவர்களாக இருக்கிறது, ஒன்றில் எல்லாரும் கிழவர்கள், இன்னொன்றில் சண்டையே இல்லை, ஒருத்தி விண்கப்பலைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். இது என்ன கூத்து என்று கேட்டேன். நீதான் விளக்கினாய். நீ பொதட்டூர்பேட்டைக்காரி அல்லவா.

“எங்கூர்ல துரௌபதி அம்மனுக்கு பாரதம் வெப்பாங்கல்ல. ஒவ்வொரு கூத்து ஜமாக்காரனும் ஒவ்வொரு மாதிரி ஆடுவான். ஒருத்தன் துரியோதனன அழ வெப்பான், ஒருத்தன் சிரிக்க வெப்பான். கதை ஒன்னுதான? இதுவும் அப்டித்தான். கம்முனு பாரு.”

அதற்குப் பிறகு எல்லாம் புரிந்துவிட்டது. கீழே ஓடும் இங்கிலீஷை நீ எழுத்துக்கூட்டிப் படித்து நம் பாஷையில் பேசுவாய். இரும்பு முகமூடி போட்ட ராஜா கையை நீட்டினால் நீ குரலைக் கனமாக்கி, “இன்னா நைனா, ரொம்ப துள்றே?” என்பாய். முன் சீட்டில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் நம்மைப் பார்த்து, “காலங்காத்தால ஆரமிச்சிட்டாளுங்கய்யா” என்பார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பிளாஸ்டிக் பாகங்களில் பிசிர் வெட்டப்போகும் இரண்டு பேர், அந்தக் கால் மணி நேரம் வானத்தில் இருந்தோம்.

மூன்றாவது கதை முடிந்த அன்றுதான் நீ எனக்கு அதைக் காட்டினாய். உடுப்பு மாற்றும் அறையில் எல்லாரும் வெளியே போகட்டும் என்று நின்றாய். கதவைத் தாழ்போட்டாய். என் கையைப் பிடித்து உன் மார்பில் வைத்தாய். உள்ளே ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, நகராமல், கெட்டியாக. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“எத்தினி நாளா கீது இது?”

“பொங்கல்லருந்து.”

“பொங்கல்லருந்தா? பைத்தியக்காரி! வா, இப்பவே ஆஸ்பத்திரி போவலாம்.”

“வேணான்டி. போனா எட்துடுவாங்க. அப்பறம் இன்னா வெச்சிக்கினு நான் ஊட்ல நடமாட்றது? தெரியாம கீற வரைக்கும் நான் நல்லாத்தான கீறேன்.”

நான் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அப்போதுதான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். என் உள்ளங்கையை இழுத்து உன் உள்ளங்கையில் அடித்து வாங்கினாய். “உம் புள்ள மேல சத்தியம். ஒரு ஆள் கிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது.” எனக்கு ஒரே பையன் என்று உனக்குத் தெரியும். அவன் பெயரைச் சொன்னால் நான் அசையமாட்டேன் என்றும் தெரியும். நான் அழ ஆரம்பித்ததும் உனக்கே மனசு இளகியது போல. “சரி, ஒம்பது கதையும் முடியட்டும்டி. முடிஞ்ச மறுநாள் நானே வரேன். போதுமா?” என்றாய். ஆறு கதைதான் மிச்சம், ஆறு நாள்தானே என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆறு நாள்! மறுநாளே நீ, “மூணாவது இன்னொரு தபா போடேன்” என்றாய். அந்தக் கதையில் ஒரு பெண் பாழடைந்த கப்பலுக்குள் ஒளிந்திருப்பாள். வெளியே யாரோ கதவைத் தட்டுவார்கள். நண்பனா எதிரியா தெரியாது. இடுப்பில் வாள் இருக்கும், எடுக்க மாட்டாள். தட்டிக்கொண்டே இருப்பார்கள், கதவு திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். “அதான்டி எனக்குப் புடிச்சிருக்கு, தொறக்கவே மாட்டா பாரு” என்பாய். நான்காவதை ஒரு நாள் போடுவாய், மறுபடி மூன்றாவதுக்குத் திரும்புவாய். ஒரு நாள் தலைவலி, வேண்டாம் என்பாய். ஒரு நாள் சார்ஜ் இல்லை. ஒரு நாள் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாய். சித்திரை போய் ஆடி வந்துவிட்டது, நாம் ஐந்தாவது கதையைத் தாண்டவில்லை. நானும் ஒரு மடச்சி, உனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நம்பி உன்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. நடுவில் ஒரு சாயங்காலம் எளாவூர் பஸ் ஸ்டாப்பில் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். “இன்னாமா, நல்லா கீறியா? அவ இன்னா இப்பல்லாம் சோறே துன்ன மாட்றா?” என்று அவரே கேட்டார். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குப் போனால் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்து ரத்தமாக உட்கார்ந்திருக்கிறான். நாலு தையல். சொல்லவே இல்லையே, நினைத்ததற்கே இப்படியா என்று பயந்துபோனேன். அம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரரைத் தெருவில் கண்டால் வேறு பக்கமாகப் போய்விடுவேன்.

ஆவணியில் உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிறகுதான் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். முற்றிவிட்டது என்றார்கள். எட்டு மாதம் இருந்தாய். நான் இரண்டே முறைதான் வந்தேன். தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாய், “மீதி கதையப் பாத்துட்டியா?” என்று கேட்டாய். இல்லை என்றேன். “பாக்காத. நான் வந்துர்றேன்” என்றாய். இரண்டாவது முறை நீ ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை அந்தப் புதிய தொகுப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சரி, இதைப் பார்த்து முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. உன்னுடைய யோசனை என்ற ஞாபகமே வரவில்லை, நானே கண்டுபிடித்தது போல மனசு லேசாகிவிட்டது. திங்கள் ஒன்று. செவ்வாய் ஒன்று. புதன்கிழமை, நேற்றுப் பார்த்தது சரியாக விளங்கவில்லை என்று இரண்டாவதையே திரும்பப் போட்டேன். வியாழக்கிழமையும் விரல் அதற்கே போயிற்று.

உன் இடத்தில் இப்போது பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். ஆரம்பாக்கத்துப் பக்கம், வீட்டில் தெலுங்கு. நீ உட்கார்ந்த ஜன்னலோரத்தில் அவள் சாய்ந்து தூங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு மாதமாக அவளோடு சரியாகப் பேசியதில்லை. வியாழக்கிழமை அவள் தூங்காமல் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, மூணு நாளா அதயே மறுக்கா மறுக்கா போட்றே? அவ்ளோ நல்லா கீதா?”

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. உனக்கும் அந்த மூன்றாவது கதை பிடித்திருக்கவில்லை. பயந்து போய் ஒவ்வொரு காலையாகத் தள்ளிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பாவி, நீ என்னை ஏமாற்றினாய் என்று உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் மேல் அதைவிட. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். சரியாகப் பழகாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், கட்டியை, உன்னை, எல்லாவற்றையும்.

அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். “கட்டியப் பாத்து எத்தினி நாள் ஆவுது?” பன்னிரண்டு நாள் என்றேன். அவள் எழுந்து வேனின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள்.

“அண்ணே, வண்டிய ஓரங்கட்டு. அக்காக்கு ஒடம்பு செரியில்ல. நாங்க எறங்குறோம்.”

“லீவு சொல்லல, கான்ட்ராக்ட்காரன் பேஜார் பண்ணுவான்” என்றேன்.

“பண்ணட்டும். எறங்குக்கா.”

ரோட்டோரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. அவள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் பிள்ளை மேல் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டேன். ஆமாம்டி, நானும் கேட்டேன். அவள் கையை உதறினாள்.

“போக்கா. எம் புள்ள மேலல்லாம் நான் பண்ண மாட்டேன். சாயங்காலம் உங்க ஊட்டுக்காரருக்கு நீயா சொல்றியா, நான் வந்து சொல்லட்டா?”

இப்படியும் பதில் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! என்னைவிடப் பத்து வயசு சின்னவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் முதலில், பன்னிரண்டு நாளாக வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினார். பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பையன் நன்றாக இருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்திருக்கிறார்கள், வருகிற புதன்கிழமை முடிவு தெரியும். டாக்டரம்மா, சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தை நான் அப்படி உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இப்போதும் பயம்தான். இதை எழுதும்போதுகூட இடது கை மார்பை விட்டு நகரமாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை அந்த ஊசி போடும் அறைக்கு வெளியே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நர்ஸ் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “கூட யாரு வந்துகீறது?” என்று சத்தமாகக் கேட்டாள். “நான்தாம்மா, நான் வந்துகீறேன்” என்று அந்தப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் நின்றாள்.

உன்னையும் சென்னையில் முதல் நாள் அப்படித்தான் கேட்டார்களாம். உன் தங்கை சொன்னாள். உன் வீட்டுக்காரர் கீழே சீட்டு வாங்க நின்றிருந்தாராம். கூட யார் என்று இரண்டு தடவை கேட்டார்களாம். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு நீ தனியாக உள்ளே போனாயாம். அந்நேரம் நான் நம் ஹாலில் நின்று பிசிர் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உன்னை அங்கே கூட்டிப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். லீவு கேட்கவில்லை. வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற பயம்.

நான் வந்திருக்கணும்டி.