இன்டர்வியூவுக்குக் கூடப் போனது

2011 மே 3, செவ்வாய்

நேற்று எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி சோபாவில் உட்கார்ந்து குறட்டை விட்டேன். யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இதில் எழுதுகிறேன். முந்தின ராத்திரி வண்டியில் உறக்கமில்லை. உள்ளே ஏசி. சோபாவோ மெத்தை மாதிரி. நான் என்ன செய்வேன்?

அறைக்குள் பிரிஜாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சார், வெளியே என்ன சத்தம் என்றாராம். தெரியாது சார் என்றாளாம் என் மகள். பெற்ற தாயைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அவள் கதவைத் திறந்ததும் நான் விழுந்தடித்து எழும்பி, "மக்கா, முடிஞ்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன். சார் அவள் பின்னால்தான் நின்றார்.

திரும்பி வரும்போது குழித்துறை வரைக்கும் பையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் திடீரென்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 5, வியாழன்

பதில் இல்லை. சந்தையில் சாளை மீன் மலிந்து கிடக்கிறது, விற்றும் காசில்லை. கால் வீக்கம் இறங்கவில்லை.

மே 9, திங்கள்

திங்கள்சந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிற ராஜமணி இன்றைக்கும் கேட்டாள், உனக்க மக என்ன சோலிக்குத்தான் இப்படி ஓடுகிறாள் என்று. குவாண்டிட்டி சர்வேயர் என்றேன். நானும் அஞ்சாம் கிளாஸ்தான், ஆனால் இந்த ஒரு வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொல்வேன். இன்னும் கட்டாத கட்டடத்தின் படத்தைப் பார்த்தே அதற்கு எவ்வளவு கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு சிமென்ட் போகும் என்று சொல்கிற வேலை.

"அப்ப, பெறக்காத பிள்ளைக்குச் சட்டை தைக்க மாதிரியா?" என்றாள்.

"ஆமா. ஆனா அளவு செரியா இருக்கும்" என்றேன்.

இப்படிப் பேசிவிடலாம். வீட்டுக்கு வந்தால் பிரிஜா படுத்துக் கிடக்கிறாள். சிவில் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருஷமாகிறது. போகிற இடமெல்லாம் அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? மடத்துப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் கணக்கு டீச்சர் இடம் ஒன்றை இவளுக்காகவே வைத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

"டீச்சரா போயிரட்டாம்மா?" என்று கேட்டாள். நல்ல வேலைதான், கொள்ளாம். ஆனால் அடுத்த தெருவில் மாடிக்குக் கம்பி கட்டினால் பள்ளிக்கூடத்தையும் மறந்து வாய் பார்த்து நின்ற பிள்ளை இது. அந்தக் குரலில் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "உனக்கிட்ட படிக்கப் போற பிள்ளியள நெனச்சாதான் எனக்குப் பாவமா இருக்கு" என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

மே 14, சனி

திருவனந்தபுரம். கட்டடக் கம்பெனி. நான் வழக்கம்போல வாசலில். இவளுடைய அப்பா யூஜின் கேரளத்து முனம்பத்தில் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிறவர்; பெண்பிள்ளையைத் தனியாக விடாதே என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். அதனால் எல்லா இடத்துக்கும் நானும் போகிறேன்.

இன்று உறங்கவில்லை. போன் எடுக்கிற பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெயர் அஸ்வதி, ஊர் குழித்துறை. நெத்திலிக் கருவாடு கொண்டு தருகிறேன் என்றேன், நம்பர் தந்தாள். டீயும் தந்தாள்.

வரும்போது பஸ்ஸில் இடமில்லை. களியக்காவிளை வரை நின்றே வந்தோம். ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து.

மே 16, திங்கள்

அஸ்வதிக்குப் போன் செய்தேன். செய்திருக்க வேண்டாம்.

"ஒண்ணும் நெனைக்காதீங்க சேச்சி. பிள்ள நல்லா பதில் சொன்னான்னு சார் சொன்னாரு. ஆனா இன்டர்வியூக்கே அம்மைய கூட்டிட்டு வாறவள சைட்டுக்கு எப்படி அனுப்பன்னு கேட்டாரு. அவ்வளவு ஆம்பிளைங்க நிக்கிற இடம் இல்லியா அது."

வைத்துவிட்டேன்.

நான் சும்மாதானே இருந்தேன்? வாசலில்தானே இருந்தேன்? வயசுப் பிள்ளையை எர்ணாகுளத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ஒத்தைக்கு விட்டால் ஊர் என்ன சொல்லும் — ஊரை விடு, எனக்க உயிரு கிடக்குமா? கூடப் போனது தப்பா? சந்தைக்கும் போகாமல், மீன் சருவத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, காலு வீங்க வீங்க கூட அலைஞ்சேனே. அதுதான் தப்பா?

மே 17, செவ்வாய்

பிரிஜாவிடம் சொல்லவில்லை.

மே 21, சனி

எர்ணாகுளத்தில் வேறொரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள். பிரிஜா டிக்கெட் எடுக்கக் கிளம்பினாள். எனக்கு முட்டுவலி, நான் வரவில்லை என்றேன். நம்பாமல் பார்த்தாள். கொஞ்சம் நொண்டிக் காட்டினேன்.

யூஜினிடம் கேட்க வழியில்லை. கடலில் கிடக்கிறார். கேட்டால் வேண்டாம் என்பார். கடலில் கிடப்பதும் நல்லதுதான்.

மே 22, ஞாயிறு

நடிப்பு லேசான வேலை இல்லை. பூசைக்கு நொண்டிக்கொண்டு போனேன், நொண்டிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் முட்டுக்கு ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். மத்தியானம் சோறு வைக்கும்போது பிரிஜா கேட்டாள்: "அம்மா, காலையில மத்தக் காலுதானே நொண்டிச்சு?"

அதன் பிறகு எதை மறைக்க? அஸ்வதி சொன்னதைச் சொன்னேன். இவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்மா. கோயம்புத்தூர்லயே கேட்டாங்க, சைட்டுக்கும் அம்மா வருவாங்களான்னு."

"ஏட்டி, கோயம்புத்தூர் போனது தவக்காலத்துக்கு முன்னால. பின்ன எதுக்கு எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்தே?"

"நீ முந்தின நாளே சீலையத் தேச்சு வச்சுட்டு நிப்பே. எப்படிச் சொல்ல?"

 வியாழக்கிழமைக்கென்று நீலச் சீலையைத் தேய்த்துத்தான் வைத்திருந்தேன், முட்டுவலியோடு. எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மே 26, வியாழன்

தனியாகப் போயிருக்கிறாள். சந்தையில் ஒருவர் சாளை கேட்டார், அயிலையைப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். விலை கூடின மீன், விடுவாரா?

உள்ளே போகிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு மிஸ்டு கால். அதன் பிறகு ஒன்றும் இல்லை. போனைக் கையில் வைத்தே மீன் வெட்டியதில் போன் முழுக்கச் செதில்.

மே 27, வெள்ளி

வந்துவிட்டாள். எப்படி என்று கேட்டால் தெரியாது என்கிறாள். ஒரு படத்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்களாம். கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு தூணையே விட்டுவிட்டது நினைவு வந்ததாம். ஸ்டேஷனுக்குப் போகாமல் திரும்பிப் போய், ரொம்ப நேரம் காத்திருந்து, சார், ஒரு தூண் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவர் சிரித்தாராம். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியவில்லையாம்.

நான் போயிருந்தால், தூணும் வேண்டாம் கீணும் வேண்டாம், வண்டிக்கு நேரமாச்சு என்று இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

மே 31, செவ்வாய்

சிஸ்டரைப் பார்க்கச் சீலை கட்டி நின்றாள். டீச்சர் மாதிரியே இருந்தாள். படி இறங்கும்போது போன் வந்தது. எர்ணாகுளம். எஸ் சார், எஸ் சார் என்று நின்றுகொண்டே இருந்தாள். பதின்மூன்றாம் தேதி சேரவேண்டும். தூணுக்காகத் திரும்பி வந்த பிள்ளைதானே என்று கேட்டாராம்.

சிஸ்டரிடமும் போனாள், வரவில்லை என்று சொல்ல. நான் படியில் உட்கார்ந்தேன், எழும்ப முடியவில்லை. இப்போது நிஜமாகவே முட்டு வலிக்கிறது. யாரும் நம்பவில்லை.

ஜூன் 4, சனி

யூஜின் கரைக்கு வந்து போன் செய்தார். எல்லாம் சொன்னேன், எர்ணாகுளத்தில் ஹாஸ்டல் பார்த்ததையும். "ஒத்தைக்கா போனா?" என்றார். ஆமா என்றேன்.  பிறகு, ஹாஸ்டலில் மீன் கிடைக்குமா என்று கேட்டார்.

ஜூன் 12, ஞாயிறு

இரணியலில் பிரிஜாவை வண்டி ஏற்றப் போனேன். வண்டி அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். பெட்டியை மேலே வைக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் ஏறினேன். கருவாட்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்தது.

டிக்கெட் பார்க்கிறவர் பிளாட்பாரம் டிக்கெட் பிளாட்பாரத்துக்கு மட்டும்தான் என்று விளக்கினார். அபராதம் கட்டினேன். குழித்துறையில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் செருப்பு நினைவு வந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறிக் குளச்சலில் வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் பிரிஜா போன் செய்தாள். ஹாஸ்டல் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். செருப்பும்.