பனியா, புகையா?

மைசூர்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி ஸாத்விக்குக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதங்கள். நாங்கள் இங்கே க்ஷேமம். நீயும் மாட்டுப்பெண் ஸஞ்சனாவும் அங்கே க்ஷேமம் என்று நானே எழுதிக்கொள்ள மனசு வரவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து உன் போன் போகவில்லை. கனடாவில் டவர் எரிந்திருக்கும் என்கிறார் அப்பா, ஏதோ நம் தெருவில் கரண்ட் போனது போல சாதாரணமாக. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதி முடித்ததும் எதிர்வீட்டு அஷ்வினி இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறாளாம், டவர் வந்ததும் முதலில் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதுதான் காதிலேயே நிற்கிறது. காட்டுத் தீ மலைக்கு அந்தப் பக்கம்தாம்மா, தயாரா இருக்கச் சொல்லித்தான் நோட்டீஸ், கிளம்பச் சொல்லலை, நான் கூரைமேல தண்ணி அடிச்சிண்டிருக்கேன் என்று சிரித்தாய். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டை விட்டுட்டு எப்படிப் போறது என்றாய். எப்படிப் போவதா, காலால்தான். காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் ஹாலில் அந்தக் காடு.

அதுதான், அப்பா பிளிகிரிரங்கன் மலையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சின்ன வயசில் சோபாமேல் ஏறி நின்று அதில் யானை தேடுவாயே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அதன்மேல் ஆசை. மரமெல்லாம் கறுகறுவென்று நிற்க, நடுவில் சாய்ந்து விழும் வெயிலும் அடியில் வெள்ளையாகப் படர்ந்த பனியும், பார்த்தாலே உடம்பு குளிரும். சித்திரை வெயிலில் பவர் கட் ஆனால் அதற்கு எதிரில் போய் உட்காருவேன், சிரிக்காதே. கலரில் எடுத்திருந்தால் இந்த அழகு வராது, பச்சை எல்லாவற்றையும் மூடியிருக்கும். நேற்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். கறுப்பு வெள்ளையில் பனி எது, புகை எது? அப்பாவைக் கூப்பிட்டு, சத்தியமாச் சொல்லுங்கோ, இது பனியா புகையா என்றேன். இப்ப எதுக்குடி அது என்று மழுப்பினார். நான் விடவில்லை. புகைதான் என்றார். மாசி மாசமாம், சருகில் தீப்பிடித்து மேலே ஏறி வந்திருக்கிறது. வெளிச்சம் அழகாயிருக்கே என்று ஒரே ஒரு படம் எடுத்தாராம், அதற்குள் மூங்கில் படபடவென்று வெடித்ததாம். நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா ஸ்டாண்டை அப்படியே போட்டுவிட்டு, கழன்ற செருப்பைக்கூட எடுக்காமல் பஸ் ரோடு வரை ஓடினாராம். சொன்னா நீ பயந்து படத்தைக் கழட்டிடுவே என்கிறார். கழற்றத்தான் ஸ்டூலில் ஏறினேன். முடியவில்லையடா, அவ்வளவு அழகாகத்தான் இருக்கிறது இன்னும்.

ஆனால் ஒன்று. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உன் அப்பா ஸ்டாண்டுக்காகத் திரும்பிப் போயிருந்தால் எனக்கு இந்தப் புருஷன் இல்லை, நீயும் இல்லை. அவர் பிள்ளைதானே நீ? கிளம்பச் சொல்லும் நோட்டீசுக்குக் காத்திருக்காதே. கூரை நனைந்தது போதும், குழாயைக் கீழே போடு, ஸஞ்சனா கையைப் பிடி, வண்டியை எடு. வீடு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

மேல்கோட்டை செல்வப்பிள்ளைப் பெருமாள் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும். பாஸ்போர்ட்டையும் உன் ஆஸ்துமா மருந்தையும் மறக்காதே. எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடு, எந்நேரமானாலும் எடுப்பேன். அந்த வீட்டிலிருந்து மட்டும் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலட்சுமி