வயிற்றுக்கு இதமான பால்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். நலம் என்று வழக்கத்துக்காக எழுதிய கடிதங்கள் எத்தனையோ, இதில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதோடு இது சொல்ல எனக்குக் கூச்சமான விஷயம்.

குழந்தை பிறந்தபோது என்னை மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் கடையைப் பூட்ட முடியாது என்றேன். கடைசியில் நீ, என்னைவிட உங்களுக்குக் கடைதான்ப்பா பெருசு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய், அம்மா மட்டும் வந்துபோனாள். நீ கோபப்பட்டதில் தப்பில்லை, நான் சொன்னதுதான் பொய். சலூனை ஒரு மாதம் பூட்டினால் தெருவில் யாரும் சடை பின்னிக்கொண்டு அலையப்போவதில்லை. காரணம் என் வயிறு. நாலு வருஷமாக உப்புசம், முறுக்கல், சொல்லாமல் கொள்ளாமல் ஓட வேண்டிய நிலைமை. பதினாலு மணி நேரம் விமானத்தில் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே வேர்த்துவிடும். சினிமா, கல்யாணம் எல்லாவற்றையும் விட்டேன், எந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்பது மட்டும் எனக்கு அத்துப்படி. ராத்திரி தூக்கம் கிடையாது, பகலில் அம்மா ஒன்று கேட்டால் சுள்ளென்று விழுவேன். அவளிடமும் அஜீரணம் என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தேன். உன் பெரியப்பாவுக்கு வயிற்றில்தான் கட்டி வந்தது, ஆறு மாதத்தில் போய்விட்டார். எனக்கும் அதுதான் என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் தலைமை ஆசிரியருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். வலது கன்னம் முடிந்தது, இடது கன்னத்தில் நுரை பூசியாயிற்று, கத்தியை வைக்கும்போது வயிறு பிடித்துக்கொண்டது. கத்தியை மேஜையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடியவன் திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. வந்து பார்த்தால் நாற்காலி காலி. காய்ந்த நுரையைத் தானே துடைத்துக்கொண்டு, ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் முள்ளாக, கடைத்தெரு வழியே நடந்து போயிருக்கிறார் அந்த மனிதர். அன்று நாற்காலியில் நானே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

நேரே மருந்துக்கடைக்குப் போய் வழக்கமான மாத்திரையைக் கேட்டேன். கடைக்காரர் கொடுக்கவில்லை. அண்ணே, ரெண்டு வருஷமா இதையே வாங்குறீங்க, இனிமே டாக்டர் சீட்டு இல்லாம என்கிட்ட வராதீங்க என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது, இன்றைக்கு அவருக்குத்தான் முதல் நன்றி. டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி கிட்டி எதுவும் இல்லை என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு இரண்டு வாரம் என்ன சாப்பிடுகிறேன், எப்போது வலிக்கிறது என்று எழுதிவரச் சொன்னார். நோட்டைப் புரட்டியவர், காலைல ஒரு டம்ளர், மதியம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு, இவ்வளவு பால் எதுக்குங்க என்று கேட்டார். அம்மா பக்கத்திலிருந்து, வயிறு சரியில்லைன்னாரு, பால்தானே இதம், அதான் குடுக்குறேன் என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தோம், நாலாம் நாளே வயிறு அமைதியாகிவிட்டது. அவர் சொன்னபடி மறுபடி ஒரு டம்ளர் குடித்தேன், ஒரு மணி நேரத்தில் பழைய கூத்து. வயசாக ஆகப் பல பேருக்குப் பால் செரிக்காதாம். பயப்பட ஒண்ணுமில்லீங்க, உங்க உடம்புக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான் என்றார். கொஞ்சம் தயிர் சேரும், எலும்புக்கு வேண்டியதற்கு வேறு என்ன சாப்பிடுவது என்றும் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அம்மா வராந்தாவில் நின்று அழுதுவிட்டாள். நாலு வருஷம் என் கையாலேயே ஊத்திக் குடுத்தேனே என்றாள். நீ கொடுத்ததால்தான் மிச்சம் வைக்காமல் குடித்தேன், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் தப்பு என்று சொன்னேன். இப்போது மளிகைக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, பொடி எழுத்தில் பால் பவுடர் இருக்கிறதா என்று படித்த பிறகுதான் கூடையில் போடுகிறாள். பிஸ்கட் அடுக்கும் பெண்மணி இவளைக் கண்டாலே ஒதுங்குகிறார். பால் இல்லாத டீ முதல் நாள் பிரஷ் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. தலைமை ஆசிரியரும் வந்தார். உட்கார்ந்ததும், இன்னைக்கு ரெண்டு பக்கமும் உண்டா என்றார். ரெண்டு பக்கமும் முடித்து மீசையும் ஒதுக்கி அனுப்பினேன்.

இன்னொன்று, எழுதக் கை தயங்குகிறது. சின்ன வயதில் நீ தினமும் பாலைக் குடித்துவிட்டு வயிறு வலிக்குதுப்பா என்பாய். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாய் என்று உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டேன். ஒருநாள் வாசலிலேயே வாந்தி எடுத்தாய், அதற்கும் திட்டினேன். அது உண்மையான வலியாகவே இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. என்னை மன்னித்துவிடு கண்ணு. இன்னும் வலி இருந்தால் நீயாக எதையும் நிறுத்தாதே, டாக்டரைப் பார், என்னைப்போல் மறைக்காதே.

டிக்கெட் எடுத்தாயிற்று, வரும் இருபத்து மூன்றாம் தேதி இருவரும் வருகிறோம். எனக்கு ஜன்னலோரம்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. போட்டோவில் பேரனுக்கு முடி கண்ணை மறைக்கிறது. அங்கே யாரிடமும் வெட்டக் கொடுத்துவிடாதே, சின்னக் கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பா