துரைக்குப் புது மண்

என் வாயாடிக் கொழுந்தன் செல்வத்துக்கு,

துரை நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்ற எதையும் நீ காது கொடுத்துக் கேட்க மாட்டாய்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பல்லி என்றாலே நாற்காலி மேல் ஏறுகிற உன் அண்ணிதான் இப்போது உன் பல்லிக்குச் சாப்பாடு வைக்கிறேன் என்றால் நம்புவாயா? கூலாயில் இருக்கும் நம் வீட்டுக்கு அதைக் கண்ணாடித் தொட்டியோடு நீ தூக்கி வந்த அன்று, "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். "அண்ணி, இது வெளிநாட்டுப் பல்லி லா. உங்க தலையிலெல்லாம் விழாது" என்றாய். பெயரும் நீதான் வைத்தாய். "மேல கிளையில துரை சும்மா உக்காந்திருப்பாரு. கீழ மண்ணுக்குள்ள ஆளுங்க வேலை செய்வாங்க. எஸ்டேட் மாதிரிதான்." துரையின் கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும் கடுகளவுப் பூச்சிகள்தான் உன் ஆட்கள்.

நீ போன பிறகு உன் தொட்டிக்கு நான் செய்த முதல் உபகாரம், தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியது. துளசிக்கு ஊற்றுவது போல ஊற்றினேன். மண் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது. ஆட்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. துரையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுவிட்டுப் புது மண் தேடக் கிளம்பினோம்.

உன் அண்ணன் பூச்செடிக் கடையிலிருந்து ஒரு மூட்டை வாங்கி வந்தார். பிரித்தால் உள்ளே உர மணிகள். "எதையும் நக்கிப் பாக்குற உயிருங்க அது. உரத்தைத் தின்னுட்டா?" என்று மூட்டையைத் திருப்பிக் கட்ட வைத்தேன். பிறகு பெக்கான் நானாஸில் என் சித்தி மகன் குமாரின் அன்னாசித் தோட்டத்துக்குப் போனோம். கறுப்பு மண், பஞ்சு போல இருந்தது. நான் சாக்கை விரிக்கும்போதே குமார் ஓடி வந்தான். "அக்கா, வேணாங்க்கா. களைக்கு மருந்து அடிச்ச மண்ணு. பழம் வேணும்னா எடுத்துட்டுப் போங்க." நான்கு அன்னாசியோடு வீடு திரும்பினோம்.

கடைசியில், உன் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் நீ மிச்சம் வைத்திருந்த மண் சாமான்களைப் பார்த்து நானே கலந்தேன். தண்ணீர் வடிய அடியில் உருண்டைக் கற்கள், அதன் மேல் தேங்காய்நார்த் தூளும் கழுவிய மணலும் கரித்துண்டும், மேலே காய்ந்த இலை. அதோடு விட்டிருக்கலாம். புது வீடாயிற்றே என்று ஒரு கைப்பிடி மஞ்சள்தூளும் கொல்லையில் காய்ந்த வேப்பிலையும் கலந்துவிட்டேன். கிருமி அண்டாதாம்! நீ இருந்திருந்தால் "அலமாக், அண்ணி!" என்று தலையில் கை வைத்திருப்பாய்.

டப்பாவில் துரை சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கே உள்ளே விடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி என்ன சொல்லுவான்? பால் காய்ச்சாம குடி போகலாமா? முதல்ல ஆளுங்க போகட்டும்."

நீ சொன்னதுதான். ஆட்கள் பத்து நாள் பிழைத்தால்தான் துரை குடியேறலாம் என்பாய். கடையில் புதுப் பூச்சிகள் வாங்கி விட்டோம். நான்காம் நாள் இலையை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. வண்டு வராமலிருக்க அரிசி டின்னில் வேப்பிலை போட்டு வைக்கிறவள் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பூச்சிகளுக்காக மட்டும் அழவில்லை, தம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, நெஞ்சை அமுக்குகிறது என்று சொல்லிக்கொண்டு நீ சமையலறைக்கு வந்தாய். "வாயுப்பா, ஒண்ணுமில்ல. உக்காரு" என்று ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். நீயும் என்னை நம்பி உட்கார்ந்தாய். அரை மணி நேரம் அப்படியே போனது. முன்னாலேயே கொண்டு வந்திருந்தாலும் பிழைத்திருப்பாய் என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். உன் அண்ணன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நீ சொல். அந்தக் கடைசி மடக்கைக் குடித்தபோது உனக்குள் பயமாக இருந்ததா? அண்ணி மனசு நோகுமே என்று குடித்தாயா?

மண் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை மஞ்சள் டப்பா பக்கமே போகவில்லை. பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். இலைக்கு அடியில் ஆட்கள் குட்டி போட்டுப் பெருகிக் கிடந்தார்கள். பிறகு துரையை என் கையாலேயே தூக்கி விட்டேன். ஆமாம், வெறுங்கையால்தான். மேல் கிளைக்குப் போய், நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. ஒரு நன்றிகூடக் கிடையாது. நல்ல பெயர்தான் வைத்திருக்கிறாய்.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டு முடித்த உன் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் ஓமத்தண்ணி போடேன்" என்றார். நான் கார் சாவியை எடுத்தேன். "சும்மா வாயுடி, மானத்த வாங்காத" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு வாயு என்றுதான் சொன்னார்கள். அவர் சிரித்தார். நான் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுது தீர்த்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், செல்வம். இந்த வீட்டில் இருக்கிற எந்த உயிருக்கும், துரையின் ஆட்கள் உட்பட, இனி நானாக வைத்தியம் பார்க்க மாட்டேன். ஓம டப்பா பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்துக் கார் சாவியை மாட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது பல்லிக்குப் பயப்படாத,
உன் அண்ணி